ஏகக்ரீவம் எத்திராஜ்

எத்திராஜைப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. அவனுடைய கஷ்டமே அதுதான். நகரியில் பிறந்தவன், திருப்பதியில் பதினெட்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறான். அலிபிரிப் பக்கம் ஒரு ஸ்டாண்டின் சங்கத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கமிட்டி மெம்பர். அந்த ஸ்டாண்டில் இருநூறு பேர். அதில் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழர்கள் அறுபது பேர் இருப்பார்கள். பத்துப் பேர் கொண்ட கமிட்டியில் தமிழன் என்று இருந்தது எத்திராஜ் ஒருவன்தான்.

அந்த இடத்தை அவனுக்கு அந்த அறுபது பேர் கொடுக்கவில்லை. தேர்தலில் ஆளுக்குப் பத்துப் பெயருக்கு டிக் அடிக்க வேண்டும். தலைவர் நாகபூஷணம் பத்துப் பெயர் எழுதி ஒரு துண்டுச் சீட்டைச் சுற்றுக்கு விடுவார். அவர் பக்கம் நூற்றுச் சொச்சம் பேர். சீட்டில் இருக்கும் பத்துப் பேரும் அப்படியே ஜெயித்துவிடுவார்கள். மற்றவர்கள் தலைகீழாக நின்றாலும் ஓர் இடம் கிடைக்காது. அந்தச் சீட்டில் பத்தாவது பெயர் எப்போதும் எத்திராஜ்.

கமிட்டியில் அவனுக்கு வேலை, நாகபூஷணம் கை தூக்கினால் தானும் தூக்குவது. தீர்மானப் புத்தகத்தில் தெலுங்கில் 'ஏகக்ரீவம்', அதாவது ஏகமனதாக, என்று எழுதியிருக்கும் இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடுவது. ஸ்டாண்டில் அவனை 'ஏகக்ரீவம்' என்றே கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே "இன்னாபா" என்று திரும்புவான்.

ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் பெண்கள் எட்டுப் பேர். அவர்களில் மூத்தவள் புத்தூர் சுலோசனா. பக்கத்தில் கழிப்பறை கிடையாது. பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினால் வரிசையில் வண்டி கடைசிக்குப் போய்விடும். அதனால் காலையிலிருந்து மத்தியானம் வரை எட்டுப் பேரும் தண்ணீரே குடிப்பதில்லை. சுலோசனா சிறுநீரகத்தில் கல் வந்து ஒரு வாரம் படுத்தே கிடந்தாள்.

"அண்ணா, ஆபீஸ் ரூமாண்ட ஒரு பாத்ரூம் கட்டச் சொல்லுங்கண்ணா. வெயில்ல நாக்கு வறண்டு போய்க் குந்திக்கினு இருக்கறோம்" என்று எத்திராஜிடம் மூன்று முறை கேட்டாள்.

"சொல்றேம்மா, சொல்றேன்."

சொல்லவும் சொன்னான். கூட்டத்தில் இல்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, குரலைத் தாழ்த்தி, தலைவர் காதருகே. அவர் "சூஸ்தாம் தம்முடு, பார்க்கலாம்" என்றார். மூன்று முறையும் அதே பதில்தான்.

குப்பம் யுனிவர்சிட்டியில் எம்.ஏ. முடித்துவிட்டு ஆட்டோவுக்கு வந்தவன் அருள்குமார். சட்டசபைக்கே விகிதாசார முறை வேண்டுமா என்று டிவியில் நாலு பேர் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சங்கத்துக்கும் அது வேண்டும் என்று மனு எழுதி, ஐம்பது கையெழுத்து வாங்கிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு கூடியது.

"ஆளுக்கு ஒரே ஓட்டு. அதை ஒரு லிஸ்டுக்குப் போடணும். இருபது ஓட்டுக்கு ஒரு இடம். நூறு ஓட்டு வாங்கின லிஸ்டுக்கு அஞ்சு, அறுபது வாங்கினதுக்கு மூணு. லிஸ்டுல மேல இருக்கறவங்க உள்ள போவாங்க. அவ்ளோதான்" என்றான் அருள்குமார்.

நாகபூஷணம் எழுந்தார். "முனிசிபாலிட்டிக்காரங்க ஸ்டாண்டை எடுக்கச் சொன்னப்போ ரெண்டே நாள்ல நிறுத்தினோம். எட்லா, எப்படி? பத்து பேரும் ஒரே மாட்ட, ஒரே பேச்சு பேசினோம். நாளைக்கு ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எந்த ஆபீசர் நம்மள மதிப்பான்?"

பாதி மண்டபம் கை தட்டியது. அவர் சொன்னதில் பொய் இல்லை. அன்றைக்கு அவர் அலையாத ஆபீஸ் இல்லை, கும்பிடாத ஆள் இல்லை.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். "தமிழவாளுக்கு இடம் லேதுன்னு யார் சொன்னது? எத்திராஜ் இருக்கான் கதா? அவனையே கேளுங்க" என்று மைக்கை நீட்டிவிட்டார்.

எத்திராஜ் மைக்கை வாங்கிக்கொண்டான். மனைவி தேவயானிக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசலில் கூடவே உட்கார்ந்திருந்த மனிதர் அவர். வழக்கம்போலத் தெலுங்கு வாடையில் 'ஆமாம் அன்னா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தாவது இடம் ஆயுசுக்கும் அவனுக்குத்தான். மூன்றாவது வரிசையில் சுலோசனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனிடம் எதையும் எதிர்பார்ப்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். அதுதான் அவனைச் சுட்டது.

"அன்னா எனக்குச் செஞ்சத நான் சாவற வரிக்கும் மறக்க மாட்டேன்" என்று தொடங்கினான். "ஆனா, கமிட்டில நான் உங்களுக்காகப் பேசிக்கினு இருந்தேன்னு யாரும் நெனச்சிக்காதீங்க. சுலோசனா மூணு தபா பாத்ரூம் கேட்டுது. ஒரு தபாகூட மீட்டிங்ல நான் வாயத் தொறக்கல. தொறந்தா அடுத்த சீட்டுல என் பேரு இருக்காதுன்னு பயம். என்னை அங்க குந்த வெச்சது அன்னா. நீங்க இல்ல. அதனால அவர் மூஞ்சியப் பாத்துக்கினே பன்னெண்டு வருஷம் ஓட்டிட்டேன். தப்பு என்மேலதான்."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். நாகபூஷணம் அவனைத் திட்டவில்லை. வெறுமனே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்று எத்திராஜுக்கு இருந்தது. கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். மாற்ற வேண்டும் என்று நூற்று மூன்று, வேண்டாம் என்று எண்பத்தெட்டு.

அடுத்த வாரம் டீக்கடையில் தமிழர்களும் பெண் டிரைவர்களும் சேர்ந்து ஒரே லிஸ்டு போட்டார்கள். முதல் பெயர் சுலோசனா. இரண்டாவது அருள்குமார், மூன்றாவது சத்தியவேடு மோகன்ராஜ். நாலாவதாக எத்திராஜ் பெயரை எழுதும்போது அருள்குமார் தலையைச் சொறிந்தான். எப்படிக் கூட்டினாலும் அவர்களுக்கு வரக்கூடியது மூன்று இடம். நாலாவது என்றால் மரியாதைக்குத்தான். எத்திராஜுக்கு வலித்தது. பூசி மெழுகிச் சொல்வானேன், நன்றாகவே வலித்தது.

வீட்டில் தேவயானியிடம் பொருமினான். "உண்மையச் சொன்ன எனக்கு நாலாவது எடமா?"

"அவங்களுக்காக நான் ஒண்ணும் கேக்கலன்னு மைக்ல சொன்னது யாரு? நீதானே" என்றாள் அவள். "அத நம்பித்தான் போட்டுக்கறாங்க. துன்னுட்டுப் படு."

தேர்தலில் அந்த லிஸ்டுக்கே ஓட்டுப் போட்டான். அறுபத்தேழு ஓட்டு, மூன்று இடம். நாகபூஷணம் ஆறு இடத்தோடு மறுபடியும் தலைவரானார். மீதி ஒன்று வேறொரு சின்ன லிஸ்டுக்குப் போனது.

புதிய கமிட்டியின் முதல் கூட்டம் நடந்த அன்று எத்திராஜின் வண்டி ஆபீஸ் ரூம் ஜன்னலுக்கு நேராக நின்றிருந்தது. உள்ளே சுலோசனா தெலுங்கில் கழிப்பறையைக் கேட்டாள். "சூஸ்தாம்மா" என்ற பழைய பதில் வந்தது.

"எப்புடு சூஸ்தாரு அன்னா? எப்போ பார்ப்பீங்க? தேதி போட்டு எழுதுங்க. எழுதாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

யாரோ பேப்பரைப் புரட்டினார்கள். "பதிஹேனு ரோஜுலு, பதினஞ்சு நாள்னு எழுதிக்கோ" என்றார் நாகபூஷணம்.

அவள் கேட்டு, அவர் எழுதச் சொல்லி, எல்லாமே ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. வெறும் ஒரு நிமிஷம். எத்திராஜ் ஹேண்டில்பார் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.