எதிர்ப்பக்கம் நின்ற ஆட்டோ

பள்ளி வேன் வராத நாளில் மகளைக் கூட்டி வருவது என் வேலை. பள்ளி வாசலில் போய் நின்றால் எதிர்ப்பக்கம் ஜெராக்ஸ் கடையோரம் ஓர் ஆட்டோ நிற்கும். என்னைப் பார்த்ததும் ஓட்டுபவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். தெரிந்த முகம்தான், எங்கள் தெரு ஸ்டாண்டு ஆட்டோ. மரியாதைக்குக் கை காட்டுகிறார் என்று நானும் தலையாட்டுவேன். என் முறை வரும் நாளில் மட்டும்தான் அவர் வருகிறார் என்பது எனக்கு உறைக்க ஒன்றரை வருஷம் ஆனது.

மனைவியைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "நீங்க வரலன்னா புள்ள ரோட்டுல நிக்கக் கூடாதில்ல," என்றாள். அவள் அப்படி நினைக்கக் காரணம் இருந்தது.

மகள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது மனைவி குமராட்சியில், அவள் அப்பா வீட்டில் இருந்தாள். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறுகிறது, காலையில் வேன் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று சொன்னவன் நான். சொல்லிவிட்டு சேக்காளிகளோடு புதுச்சேரிக்குப் போனேன். கடலூர்க்காரன் சேக்காளிகளோடு புதுச்சேரிக்கு எதற்குப் போவான் என்று விளக்க வேண்டியதில்லை. போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. நான் வருவேன் என்று நம்பி, வந்த மினிபஸ்ஸில்கூட ஏறாமல், மதியம் வரை கைக்குழந்தையோடு நின்றிருக்கிறாள். கடைசியில் யாரோ ஒருவருடைய டிராக்டரில் ஏறி வந்தாள். சண்டைகூடப் போடவில்லை.

அன்றோடு குடியை விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான்கு வருஷம் கழித்துத்தான் விட்டேன். அதன்பிறகு சொன்ன நேரத்துக்கு எங்கும் போய் நின்றேன். ஆனாலும் நான் செய்கிறேன் என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவள் எனக்குச் சொல்லாமல் இன்னொரு ஏற்பாடு வைத்திருந்தாள். முதலில் அவமானமாக இருந்தது. பிறகு கோபம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், அவமானமும் புளித்துப்போனது. ஒரு நாள் பிந்தினால்தான் என்ன, ஆட்டோ இருக்கிறதே என்று ஒரு மெத்தனம் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் மாமனாருக்குக் கடலூரில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் பதினோரு மணிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மனைவிக்குச் சிதம்பரத்தில் வேலை, லீவு கிடைக்கவில்லை. காலையில் பஸ் ஏறும்போது, "அப்பாவ நீங்க கூட்டியாந்துடுவீங்க இல்ல?" என்று கேட்டாள். "இதெல்லாம் ஒரு வேலையா," என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறினாள். அவள் அப்படிப் பார்ப்பது வழக்கமில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பம்புசெட் விற்கிறவன் நான். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்பு விவசாயியைப் பார்க்கப் போயிருந்தேன். பத்தரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். பேச்சு நீண்டது, சாப்பிட்டுத்தான் போகணும் என்றார், உட்கார்ந்துவிட்டேன். அவள் ஆட்டோவுக்குச் சொல்லாமலா இருப்பாள், மாமா இந்நேரம் வீட்டில் படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே ரசத்துக்குச் சோறு வாங்கினேன்.

வீட்டில் மாமா இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது மணி இரண்டு. ஒரு கண்ணில் பச்சை மறைப்போடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், மடியில் துணிப்பை.

"வாங்க மாப்ள. வேலையா இருப்பீங்கன்னு போன் பண்ணல," என்றார். "உங்க தெரு ஆட்டோக்காரரு வேற யாரையோ எறக்கிவுட வந்தாரு. வாங்க பெரியவரே, வுட்டுட்டுப் போறேன்னாரு. நான்தான் ஏறல. பொண்ணு சொல்லியிருக்கு, அவரே வருவாருப்பா, வேற எதுலயும் ஏறாதன்னு."

அவர் மடியிலிருந்த பையை வாங்கிக்கொண்டு காருக்குக் கூட்டிப்போனேன். காரில் ஏறியதும் அவருடைய போன் அடித்தது, மனைவிதான். "பதினொன்னுக்கே வந்துட்டாரும்மா. சாப்ட்டாச்சு," என்றார் மாமா. என் பக்கம் திரும்பவே இல்லை. காலையிலிருந்து அவர் ஒரு டீகூடக் குடிக்கவில்லை.

அந்தப் பொய்யை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். எனக்குச் சலித்துவிட்டது. சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியதும் சொன்னேன்: "ரெண்டு மணிக்குத்தான் போனேன். நீ ஆட்டோ சொல்லியிருப்பன்னு நெனச்சிட்டேன்."

அவள் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னைக்கு ஒருநாள்தான் சொல்லல," என்றாள். காரில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் செக்கப். "அப்பாவ ஆஸ்பத்திரில வுட்டுட்டு நான் பஸ் புடிக்கிறேன். பத்து மணிக்கு நீங்க கூட்டிக்குங்க," என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "ஆட்டோக்கார அண்ணன்கிட்டயும் சொல்லியிருக்கேன்," என்றாள். இத்தனை வருஷத்தில் அதை முன்கூட்டி என்னிடம் சொன்னது அன்றுதான்.

ஒன்பது மணிக்கே போய் மாமா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பத்துக்கு எதிர்ப்பக்கம் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுபவர் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன். வண்டி திரும்பிப் போனது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மாமாவுக்குத் தூரத்தில் தெரியவில்லை.

"யாரு மாப்ள அது?"

"எனக்குப் பதிலா வந்தவரு மாமா," என்றேன்.