ஆடு மட்டும் வந்த வாரங்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சம்மாந்துறை டிராக்டர் பெட்டிகளில் பூவும் பெயரும் எழுதிப் பழகிய கை, எப்படியோ கொழும்புப் பத்திரிகையொன்றின் சிறுவர் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாராவாரம் நான்கு கட்டங்களில் ஒரு சித்திரக்கதை கீறுவேன். ஒரு குறும்புக்காரச் சிறுமி, கண்டதையெல்லாம் தின்னும் அவளுடைய ஆடு. சிறுமிக்கு முகம் தேடி நான் அலையவில்லை. என் மூத்த மகளின் ஓட்டைப் பல்லும் அவிழ்ந்த பின்னலும் வீட்டுக்குள்ளேயே ஓடித் திரிந்தன.

கல்யாணம் முடித்து மனைவி வீட்டில்தான் இருந்தேன்; எங்கள் ஊர் வழக்கம் அது. மாமி என்னோடு நேரே கதைக்க மாட்டார். கதவு மறைவில் நின்று, தன் மகளிடம் சொல்வதுபோல் எனக்குச் சொல்வார்.

"உசிருள்ளதக் கீறினா, மறுமையில 'இதுக்கு உசிரக் குடு'ண்டு அல்லாஹ் கேப்பான். உன்ட மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு புள்ள. ஆட்டுக்கு ஒரு உசிரு, புள்ளைக்கு ஒரு உசிரு. எங்க போய் வாங்குவாராம்?"

"உம்மா, அவருக்குக் காது கேக்கிது" என்பாள் மனைவி.

எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆட்டைத்தான் முதலில் கீறுவேன். சிறுமியின் முகத்தைக் கடைசிக்கு வைப்பேன், கண்ணை அதற்கும் கடைசிக்கு. பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். "சின்னப் புள்ளைகள்ட விளையாட்டுத்தானே…" என்று இழுத்தார். ஓம் என்றோ கூடாது என்றோ சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரி மழைக்காலத்தில் மகளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். அந்த வாரப் படம் தபாலில் போக வேண்டும். எல்லாம் கீறி முடித்து, சிறுமியின் கண்ணில் பேனையை வைக்கப் போனேன், கை இறங்கவில்லை. இந்தக் கண்ணுக்கான உயிரை அல்லாஹ் என் பிள்ளையிடம் எடுக்கிறானோ என்று பயந்தேன். படைத்த றப்பைப் பற்றி அப்படி நினைப்பதே பாவம் என்றும் தெரியும். படத்தைக் கிழித்துவிட்டு, ஆடு அவளைத் தேடி அலைவதாகக் கீறி அனுப்பினேன். அடுத்த வாரமும் ஆடு மட்டும்தான். தொழுத பாயை விட்டு எழும்பாமல் துஆக் கேட்டேன்: "யா அல்லாஹ், கடதாசியில இருந்தத நான் அழிச்சிட்டன். என்ட புள்ளய எனக்கு விட்டுத் தா."

மகள் பத்திரிகை கேட்டாள். முதல் வாரம், வரவில்லை என்று சமாளித்தேன். இரண்டாம் வாரம் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய், பாண்டிருப்புக்காரர், தான் வாங்கியதை இவளிடம் நீட்டிவிட்டார். நான் உள்ளே போனபோது அது அவள் நெஞ்சின் மேல் கிடந்தது.

"வாப்பா, ஆடு மட்டும்தான் நிக்கிது. நான் எங்க?"

"நீ… வயலுக்குப் போயிரிக்காய் மகள்."

"போன கிழமையும் நான் இல்லையாம். பக்கத்துக் கட்டில் மாமி சொன்னாங்க." அவள் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. "நான் மௌத்தாகப் போறனா? அதான் கீறல்லயா?"

தன் சாவைப் பற்றி என்னிடம் கேட்கிறாள். முகத்தைக் கீறப் பயந்தேனே ஒழிய, முகம் இல்லாத படம் அவளுக்கு என்ன சொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை.

சட்டைப் பையில் பென்சில் இருந்தது. தின்ன வாங்கிய பாண் சுற்றி வந்த கடதாசியை நீவி எடுத்தேன். அல்லாஹ்வின் பெயரால் தொடங்க, இதற்கு பிஸ்மி சொல்லலாமா, கூடாதா? பாதியில் நின்றது வாய். கண்ணைத்தான் முதலில் கீறினேன்.

"பல்லு எங்க?" என்றாள்.

ஓட்டைப் பல்லையும் வைத்தேன்.

"ஆடு?"

"ஆட்ட ஆஸ்பத்திரிக்குள்ள விட மாட்டாங்க மகள்."

பக்கத்துக் கட்டில் தாய் வாயைப் பொத்திச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கடதாசியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். நான் பதறிப்போய் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சூடாக வந்தது.

காய்ச்சல் அன்றோடு இறங்கிவிடவில்லை. இன்னும் பல நாள் கிடந்தாள். அல்ஹம்துலில்லாஹ், எழும்பி வீட்டுக்கு வந்தாள். அன்று கதவு மறைவில் மாமியின் குரல் கேட்டது: "படத்தப் பத்தி நான் இனி ஒண்டும் சொல்லல்லண்டு சொல்லு புள்ள."

பிறகு சிறுவர் புத்தகங்களுக்கும் கீறினேன். யானை, முயல், எத்தனையோ பிள்ளைகள். மறுமையில் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை, மன்னிப்புத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மகள் சிறுமியாக இருந்தவரை, சித்திரக்கதையில் அவள் கண்ணைக் கீறி முடித்ததும் மையைக் காயவிட்டுவிட்டு முற்றத்துக்குப் போவேன். விளையாடிக்கொண்டிருப்பவளைப் பிடித்து நெற்றியில் கை வைப்பேன்.

"சுடல்ல வாப்பா, விடுங்க" என்று உதறிக்கொண்டு ஓடுவாள்.