தெரசா சிஸ்டரின் முதுகு

“பேஷண்ட் ஃபீமேல், அம்பத்தாறு வயசு. இடுப்புவலி, வலது பக்கம். சுகர் இல்ல, பிரஷர் உண்டு, மாத்திரை எடுக்காங்க. சரியா தூக்கம் இல்ல. யூரின், மோஷன் நார்மல்.”

தெரசா சிஸ்டர் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் டாக்டர் ப்ரணவ் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

“அச்சா ஆன்ட்டி. பேஷண்ட் எங்க?”

“நான்தான்.”

பக்கத்தில் இருந்த மகள் ஜெனி நெற்றியில் அடித்துக்கொண்டாள். டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கிற பேச்சு அது. வேலையை விட்ட பிறகும் தெரசா சிஸ்டருக்கு வேறு மாதிரி நோயைச் சொல்ல வராது. தன் நோயைக்கூட மூணாம் நம்பர் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத்தான் பேசுவார்.

தூத்துக்குடியிலிருந்து இருபது வயதில் ரயிலேறி வந்து, டில்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலையில் ஆரம்பித்து வெள்ளைக் கோட்டில் முடித்தவர். இத்தனை வருடம் பார்த்தும் மனித உடம்பின் மேல் அவருக்கு இருந்த மலைப்பு மட்டும் தீரவேயில்லை. ஆழமான புண் ஒன்று அடியிலிருந்து சிவந்து மேலே நிரம்பி வந்தால் போதும், பயிற்சிக்கு வந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். “பாருங்க. நாம கட்டுப் போட்டதோட சரி. உள்ள உக்காந்து இத யாரு தச்சா?” என்பார். எத்தனையோ முறை கேட்ட கேள்விதான். ஒவ்வொரு முறையும் கண் கலங்கும்.

அப்படிப்பட்டவருக்குத் தனக்கும் ஓர் உடம்பு இருக்கிறது என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்ததில்லை.

கணவர் ஜெபராஜ் மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையும் காலும் விழுந்துவிட்டன. தெரசா சிஸ்டர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முனிர்க்கா வீட்டில் அவரோடு உட்கார்ந்துவிட்டார். ஆரம்பத்தில் அவரைப் பிடித்து நிற்கவைத்துத்தான் பழக்கினார். ஒருநாள் குளியலறையில் கால் வழுக்கி ஜெபராஜ் விழுந்தார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவர் கால் தரையில் படவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் தெரசா சிஸ்டரே அக்குளில் கைகொடுத்து அப்படியே தூக்கி மாற்றினார். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார். அவரை இன்னொருவர் தொடுவதா!

போன வாரம் அப்படித் தூக்கிய நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, அவரைக் கீழே விடவும் முடியவில்லை. புருஷனைக் கட்டிக்கொண்டு பாதி குனிந்த நிலையில் கத்தினார். பக்கத்து வீட்டு ராஜி வந்துதான் பிரித்து எடுத்தாள்.

குருகிராமில் ஐடி வேலை பார்க்கும் ஜெனி அன்றைக்கே ஒரு முடிவோடு வந்தாள். நொய்டாவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம் பார்த்துவிட்டாள். “நல்ல இடம் மம்மி. ஆளுங்க இருக்காங்க, கார்டன் இருக்கு. நீங்களும் விழுந்துட்டா நான் யாரைப் பாக்கறது?” குறை சொல்ல முடியாத பேச்சு. அதனால்தான் தெரசா சிஸ்டரால் சண்டை போடவும் முடியவில்லை. இடுப்பு சரியானால் ஜெபராஜ் வீட்டில். இல்லையென்றால் நொய்டாவில். ஆகவேதான், மருந்தில்லாமல் கையாலேயே முதுகெலும்பையும் மூட்டுகளையும் சரிசெய்கிற கைரோபிராக்டர் என்று ப்ரணவைப் பற்றி யாரோ சொன்னதும், ‘சுளுக்கு எடுக்கிறவனுக்கு ஏசி ரூம் வேறயா’ என்று முணுமுணுத்துக்கொண்டாலும், வந்துவிட்டார்.

ப்ரணவ் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வலி காலுக்கு இறங்குகிறதா, கால் மரத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்டான். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினான். கடைசியில் இடுப்பின் கீழே, முதுகெலும்பு வந்து உட்காருகிற இடத்தில் விரல் வைத்தான். தெரசா சிஸ்டர் பல்லைக் கடித்தார். வலியின் வீட்டுக்கதவையே தட்டிவிட்டான்!

“டிஸ்க் பிரச்சினை இல்ல ஆன்ட்டி. இந்த ஜாயிண்ட் ஜாம் ஆயிருக்கு. ஒருக்களிச்சுப் படுங்க.”

படுத்தார். அவன் அவருடைய காலை மடக்கத் தொட்டான். கால் தானாக மடங்கிக்கொண்டது. தோளைத் திருப்பக் கை வைத்தான். தோள் தானாகத் திரும்பியது. தலைக்கு அடியில் கை கொடுத்தான். தலை அவன் கைக்கு மேலே மிதந்துகொண்டு நின்றது.

“ஆன்ட்டி, நீங்க எனக்கு ஹெல்ப் பண்றீங்க.”

“பின்ன? நீங்க ஒத்த ஆளா எப்படித் தூக்குவிய?”

“தூக்கறது என் வேலை. விடுங்க. ஆராம்ஸே, மெதுவா.”

விட வரவில்லை. விடுகிறேன் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே பிடித்துக்கொண்டிருந்தார். ப்ரணவ் அவசரப்படவில்லை. தலைக்கடியில் வைத்த கையை எடுக்காமல் சும்மா நின்றான். ஏசி முனகியது. வெளியே ஆட்டோக்காரன் எவனையோ திட்டினான். கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து தளர்ந்து, தலை அந்த உள்ளங்கையில் இறங்கியது.

தெரசா சிஸ்டர் திகைத்துப்போனார். தலை இவ்வளவு கனமா? எத்தனை பேர் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுத்திருக்கிறார்! தன் தலையின் கனம் மட்டும் இந்த வயது வரைக்கும் தெரியவில்லையே! அதை இன்னொருவர் கையில் வைத்தால்தான் தெரியும்போல. கண்ணீர் மூக்கின் மேலாக வழிந்து மறுகண்ணில் போய் விழுந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து ப்ரணவ் தலையை மெல்லத் தலையணையில் இறக்கிவிட்டு, இடுப்பை ஒரே அழுத்தாக அழுத்தினான். உள்ளே ‘டக்’ என்றது. இடுப்பிலிருந்து தொடை வரை கதகதவென்று ஏதோ பரவியது.

எழுந்து உட்கார்ந்தார். வலி இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தார். ஆள் காலி செய்துவிட்டுப் போன வீடு போல அந்த இடம் இருந்தது. “மாதாவே!” என்றார். வேறு வார்த்தை வரவில்லை.

“குஷியாகாதீங்க. மறுபடி அப்படியே தூக்கினா நாளைக்கே திரும்பி வந்துடும்” என்றான் ப்ரணவ். “அங்கிளை எப்படித் தூக்குவீங்க? காட்டுங்க.”

ஜெனியைக் கட்டிலில் உட்காரவைத்து அக்குளில் கைகொடுத்தார். ஜெனி எழுந்திருக்கப் பார்த்தாள். “சும்மா இருட்டி. அப்பா காலை ஊன மாட்டாங்கல்லா.”

“ஏன் ஊன மாட்டார்? ரெண்டு காலும் போயிடுச்சா?”

“வலதுதான். இடது நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப அந்த இடது கால் என்ன பண்ணிட்டிருக்கு?”

“ஊன விட்டா விழுந்துருவாங்க டாக்டர்.”

“விழுந்தாரா?”

“ஒரே ஒரு தடவ” என்றார். சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. நினைவில்லாத நோயாளியைத் தூக்குவது போலத் தூக்கியிருக்கிறார், நினைவோடு இருக்கிற மனுஷனை.

ப்ரணவ் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. நோயாளியின் இடுப்பில் பெல்ட் போட்டுப் பிடிப்பது, நல்ல காலைப் பின்னால் இழுத்து வைப்பது, முன்னால் சாய்ந்து எழுவது எல்லாம் செய்து காட்டினான். பக்கத்தில் இன்னொருவர் நாற்காலியோடு நிற்க வேண்டும், பிசியோகாரரையும் கூப்பிட்டு மேற்கொண்டு பழக்க வேண்டும் என்றான்.

வீட்டுக்கு வந்தபோது ஜெபராஜ் கட்டில் ஓரத்தில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். துணைக்கு இருந்த ராஜி கிளம்பிப் போனாள்.

“என்னங்க, இனிமே நான் உங்களத் தூக்க மாட்டேன்.”

ஜெபராஜின் முகம் வாடிவிட்டது. மகள் போனில் பேசியதெல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது. குழறிய வாயால் மெதுவாகக் கேட்டார். “நொய்டாவுக்கா?”

“ஐயோ, இல்லங்க! நீங்களா எந்திரிக்கப் போறிய.”

ப்ரணவ் கொடுத்த பெல்ட்டை அவர் இடுப்பில் கட்டினார். இடது காலைப் பின்னால் இழுத்து வைத்தார். செயலற்ற வலது முழங்காலைத் தன் முழங்காலால் அணைத்துக்கொண்டார். ஜெனி நாற்காலியோடு ஓரமாக நின்றாள். ஜெபராஜ் முன்னால் சாய்ந்தார். பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தார். தெரசா சிஸ்டரின் கைகள் பரபரத்தன. அக்குளுக்குப் போகத் துடித்த கைகளைப் பெல்ட்டிலேயே இறுக்கி வைத்துக்கொண்டார். தன் வாழ்நாளில் அவர் பார்த்த மிகக் கடினமான வேலை அதுதான்.

ஜெபராஜ் மறுபடி சாய்ந்தார். இடது தொடை நடுங்கியது. தரையை அழுத்தியது. கட்டிலிலிருந்து உடம்பு மேலே கிளம்பியது.

இவ்வளவு நாளும் அவரை மேலிருந்தே பார்த்துப் பழகியவர் தெரசா சிஸ்டர். உச்சி வழுக்கை, காதுமடல், பிடரி, அவ்வளவுதான். இப்போது அந்த நெற்றி அவர் கண்ணுக்கு நேரே வந்தது. பிறகு மூக்கு. பிறகு தாடை. அதோடு நிற்கவில்லை, இன்னும் மேலே போனது. தெரசா சிஸ்டர் அண்ணாந்து பார்த்தார். இந்த மனுஷன் இவ்வளவு உயரமா! தன்னைவிட ஒரு தலை உயரம் என்பதையே மறந்து போயிருந்தார்.

“நீ விட்டிருந்தா எப்பமோ நின்னுருப்பேனே” என்றார் ஜெபராஜ், மூச்சு வாங்க.

“சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ நர்ஸு. ஒனக்குத் தெரியாததான்னு நெனச்சேன்.”

தெரசா சிஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கால் நடுங்குவதைப் பார்த்து, “போதும், உக்காருங்க” என்றார்.

“இன்னும் கொஞ்சம் நிக்கேன்” என்றார் ஜெபராஜ்.