பின்சீட்டின் எடை

பிலிப்புவுக்கு எடை பார்ப்பதுதான் பிழைப்பு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கரும்பு டிராக்டர்கள் ஏறி இறங்கும் எடைமேடைக்கு அவர்தான் பொறுப்பு. வண்டி வாசலில் நுழையும்போதே டயர் பிதுங்குகிற விதத்தைப் பார்த்து, இத்தனை டன் இருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு அப்புறம்தான் திரையைப் பார்ப்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் தன்னுடைய பழைய அம்பாசடர் காரை மட்டும் அவர் அந்த மேடைமேல் ஏற்றியதே இல்லை. ஏற்ற வேண்டிய நாள் இந்த ஐப்பசியில்தான் வந்தது.

அவர் மனைவி எஸ்தர் கோயம்புத்தூருக்குப் போனது மூன்று மாதத்துக்கு. மகள் அனிட்டா அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். பிரசவம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பும்வரை கூட இருந்துவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. அனிட்டா வேலைக்குத் திரும்பினாள். பிறகு குழந்தையை யார் பார்ப்பது என்றாயிற்று. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பேசியது. இப்போது முதுகில் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் போகிறது. எஸ்தர் அங்கேயே இருக்கிறாள்.

தினமும் சாயங்காலம் போன் வரும். மாத்திரை போட்டாயிற்றா, குழம்பு புளித்துவிட்டதா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று பேச்சு ஓடும். எப்போது வருகிறாய் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பதில் எப்படி இருக்குமோ என்ற பயத்தில், கேட்காமல் விட்டதையே ஒரு நம்பிக்கைபோல வைத்துக்கொண்டிருந்தார். சில தடவை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தார். மகள் வீட்டு சோபாவில் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கரும்பு அரவையைக் காரணம் காட்டி மறுநாளே பஸ் ஏறிவிட்டார்.

எஸ்தர் பிறந்தது மலைமேல் இருக்கும் கரியாலூரில். அவள் ஊரில் இருந்த காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் கார் மலை ஏறும். பின்சீட்டில் எஸ்தர், அவள் தங்கை, தங்கையின் பிள்ளைகள். திரும்பும்போது டிக்கியில் சாமை மூட்டையும் பலாப்பழமும். அத்தனை பாரத்தோடு இறங்க பிரேக் பத்தவில்லை என்று, பல வருடம் முன்பு திருக்கோவிலூரில் ஒருவரிடம் சொல்லிப் பின்சக்கரத்து பிரேக்கைப் பலப்படுத்தி வைத்திருந்தார். எஸ்தர் போன பிறகும் அந்த ஞாயிறை அவர் விடவில்லை. தனியாகப் போய் மச்சான் வீட்டில் சாமை அரிசி வாங்கிவந்து, கோயம்புத்தூர் பஸ்ஸில் போட்டுவிடுவார்.

அப்படித்தான் அன்றைக்கும் இறங்கிக்கொண்டிருந்தார். தூறல். வளைவில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினார். வண்டியின் பின்பக்கம் சர்ரென்று வெளியே வீசிக்கொண்டு போக, கார் மேலே ஏறுகிற திசையைப் பார்த்து நின்றது. கன்றுக்குட்டி போய்விட்டது. பள்ளத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கொஞ்சம் புல் மட்டும் இருந்தது. எஸ்தரிடம் இதைச் சொல்லக் கூடாது என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

மெக்கானிக் இளமாறன் இரண்டு பின்சக்கரங்களையும் கழற்றி, டிரம்மைத் திறந்து பார்த்தான். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டி சிலிண்டர் இருக்கும். பெடலை மிதித்தால் எண்ணெய் வந்து அதைத் தள்ளும். அது போய் பிரேக்கை விரிக்கும். சிலிண்டரின் வாய் அகலமாக அகலமாகப் பிடிப்பு கூடும். அந்த அகலத்தைப் பட்டறையில் நூல் கணக்கில் சொல்வார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம்.

"வண்டி மேல தப்பு இல்லண்ணே. பின்னால ஏழு நூல் போட்டு வச்சிருக்கீங்க. அது வண்டி நெறைய ஆள் ஏத்தறதுக்கு. நீங்க ஒண்டியா ஓட்டிக்கினு இருக்கீங்க. எறக்கத்துல எடை முன்னால சாஞ்சி பின்சக்கரம் லேசாயிடும். லேசான சக்கரத்த அவ்ளோ பலமா புடிச்சா அப்படியே நின்னுடும். அப்பால வழுக்காம இன்னா பண்ணும்?"

வாஷர் கசிவதால் சிலிண்டரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அதே ஏழு நூலா, இல்லை ஆறு நூலா என்று முடிவு செய்ய, பின்சக்கரத்து எடை தெரிந்தால் நல்லது என்றான். ஒருமுறை காலியாக, ஒருமுறை ஆளோடு. எடைமேடைக்காரரிடம் இதைக் கேட்பதில் அவனுக்குக் கொஞ்சம் குஷி.

மறுநாள் மதியம், வரிசை குறைந்த நேரத்தில், மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, காரை மெதுவாக உருட்டிப்போய்ப் பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தினார் பிலிப்பு. காலி எடை பார்த்தாயிற்று. ஆளோடு பார்க்க ஆள் வேண்டுமே. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ராஜாம்பாளையும் கரும்பு இறக்க வந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு ஏறி உட்காரச் சொன்னார்.

"இன்னா சார், கரும்பு கம்மியா வருதுன்னு எங்கள உள்ள வுட்டு பிழியப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ராஜாம்பாள் ஏறினாள். இடது ஜன்னலோரம் உட்கார்ந்து, முழங்கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டாள். எஸ்தர் அங்கேதான் உட்காருவாள், அப்படியேதான் வைத்துக்கொள்வாள்.

"கொஞ்சம் உள்ள தள்ளி உக்காரும்மா" என்றார் பிலிப்பு.

"ஏன் சார், எடை மாறிடுமா?"

"மாறாது."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நகர்ந்துகொண்டாள்.

இரண்டு எடைகளையும் வாங்கிப் பார்த்த இளமாறன், இதில் எதற்குப் போடட்டும் என்று கேட்டான். ஆளோடு இருக்கிறதே, அதற்கு என்றார் பிலிப்பு.

"யாருண்ணே ஆளு?"

"வூட்ல வந்துடுவாங்க."

"போன கிறிஸ்மஸுக்கு சீட் கவர் மாத்தறப்பவும் இதத்தான் சொன்னீங்க. சீட் கவருன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இது பிரேக்கு."

பிலிப்பு விடவில்லை. ஏழு நூலே இருக்கட்டும், அதுவரைக்கும் பின்னால் இரண்டு மணல் மூட்டை போட்டு ஓட்டிக்கொள்கிறேன் என்றார். பேச்சுக்காகச் சொல்லவில்லை, மூட்டையை எங்கே வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்.

"மூட்டைல எஸ்தரக்கா பேர எழுதி ஒட்டிக்குவீங்களா?" என்றான் இளமாறன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது அவனுக்கு. ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போனான்.

பிலிப்பு வாசலில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து எஸ்தருக்குப் போன் போட்டார். அது அவர்கள் பேசுகிற நேரம் இல்லை. எடுத்ததுமே, என்ன ஆயிற்று என்று பதறினாள். வளைவில் நடந்ததைச் சொன்னார். மறைத்துவிட்டீர்களே என்று திட்டினாள். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எஸ்தரு, ஆறு நூல் போடறதா ஏழு நூல் போடறதான்னு கேக்கறான். நீதான் சொல்லணும்."

"அதுல எனக்கு இன்னாங்க தெரியும்?"

"பின்னால ஆள் உக்காந்தா ஏழு. நான் மட்டுந்தான்னா ஆறு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. குழந்தை எதையோ ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஆறே போடுங்க" என்றாள்.

அவர் சரி என்றார். அவள் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. கடைசியில் குழந்தை வந்து பிடுங்கி, எதையோ அழுத்தி நிறுத்திவிட்டது.

ஆறு நூல் சிலிண்டர் போட்டு, பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை நீக்கி முடித்ததும், மலைக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றான் இளமாறன். ஆனால் தானும் ஏறினால் எடை தப்பாகிவிடும் என்று, மலையடிவாரத்தில் கோமுகி அணைப் பக்கம் இறங்கிக்கொண்டான். பிலிப்பு தனியாக ஏறினார். மேலே திருப்பிக்கொண்டு இறங்கினார். அதே வளைவு. சாலை ஈரமாகத்தான் இருந்தது. முன்னும் பின்னும் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, வேண்டுமென்றே அழுத்தி மிதித்தார். கார் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, இழுத்துக் கட்டியதுபோல நேராக நின்றது. பின்பக்கம் அசையவே இல்லை.

நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தார். யாரோ கதவைத் திறந்து இறங்கிப்போனதுபோல இருந்தது. திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். புது உறை, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். எஞ்சினை அணைத்து, அங்கிருந்தே எஸ்தரைக் கூப்பிட்டார்.

"நேரா நிக்குது."

"ஸ்தோத்திரம்" என்றாள். "நான் அப்படி சொன்னன்னு…"

"தனியா ஓட்டிக்கினு எவ்வளவு தூரம் வேணா போலாம் இனிமே" என்றார் பிலிப்பு. "சேலம் வழியா வந்தா கோயம்புத்தூருக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

"பஸ்ல வந்திருக்கீங்களே."

"பஸ்ல வந்தா மறுநா பஸ்ஸுக்கு கெளம்பணும்."

அதற்கு எஸ்தர், கீழே காரை நிறுத்த இடம் இருக்கிறது, அனிட்டாவின் ஸ்கூட்டரைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன் என்றாள். எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்கவில்லை. திரும்பும்போது நீயும் ஏறுவாயா என்று அவரும் கேட்கவில்லை.

அணைக்கட்டருகே இளமாறன் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு காத்திருந்தான். பிரேக் எப்படி என்று கேட்டான். பிலிப்பு தலையை ஆட்டினார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவனிடம், ஃபேன் பெல்ட்டையும் ரேடியேட்டர் ஹோஸையும் நாளைக்கே பார்த்துவிடு என்றார்.

"எங்கண்ணே, லாங்கா?"

"கோயம்புத்தூரு."

"போய்ட்டு எப்ப வர்றீங்க?"

"போறதுக்குப் பாத்துக் குடு" என்றார் பிலிப்பு. "வர்றத அங்க போய் பாத்துக்கறேன்."