பனியன் துணியில் ஒரு படவிழா

என் பீரோவில் ஒரு குழந்தை பனியன் இருக்கிறது. என் உள்ளங்கை அளவுதான். அந்தத் துணியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூர்க்காரர்கள் ஈரான் நாட்டு மலைகளைப் பார்த்தார்கள்.

என் மாமனார் பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருந்தார். பாட்டும் சண்டையும் இல்லாத படங்கள் என்றால் உயிர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் உலகப் படவிழா நடத்தினார். என் அப்பாவோ சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர். என் கல்யாணப் பந்தியில் மாமனார் விளையாட்டாக, "தறித்துணி வெறப்பா நிக்குமுங்க, ஒடம்புக்கு ஆவாதுங்க" என்று சொல்லிவைக்க, அப்பாவுக்குச் சுருக்கென்றுவிட்டது. அதன்பின் எங்கள் வீட்டுப் படியேறவே இல்லை. படவிழா நடந்தபோது நான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். வளைகாப்புக்காவது அப்பா வருவாரா என்பதே என் கவலை. ஈரானெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

திரையை வாடகைக்கு எடுக்கலாம் என்றவர்களிடம், "பனியன் ஊருல பனியன் துணியிலதான் படங்காட்டோணும்" என்று அடித்துச் சொல்லிவிட்டார் மாமனார். தன் மெஷினில் ஓடிய வெள்ளைத் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கட்டினார். கட்டியபோது கொள்ளை அழகு. முதலில் போட்ட ஈரான் படம் ஓட ஓட, துணி தன் கனத்தாலேயே தொங்கத் தொடங்கியது. மலைகளுக்குத் தொப்பை போட்டது. மகனைப் பறிகொடுத்த கிழவரின் தாடை நெஞ்சுவரை இறங்கியது. ஓரங்களைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த பக்கமெல்லாம் இன்னும் நீண்டது. பனியன் இழுத்தால் நீளும் என்று தெரியாதவர் அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை. அழ வேண்டிய இடத்தில் கூட்டமே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமனார் சிரிக்கவில்லை. வருடக்கணக்கில் பாடுபட்டு எடுத்த முதல் படத்தோடு ஓர் இளம் இயக்குநர் மதியம் சென்னையிலிருந்து வரவிருந்தார்.

மாமனார் என் பக்கத்தில் நின்றே போன் போட்டார். "சம்பந்திங்களா? நாந்தானுங்க. மானம் போற மாதிரி இருக்குதுங்க. வெறப்பா நிக்கற துணி வேணுமுங்க."

பிறகு மாமனார் போனை வைத்துவிட்டு, "உங்கொப்பாரு வர்றாரு கண்ணு" என்றார்.

மதியச் சாப்பாடு முடிவதற்குள் அப்பா தன் தறியில் நெய்த கெட்டியான காடாத் துணியைக் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். சம்பந்திகள் இருவரும் வேட்டியை மடித்துக்கட்டி ஆளுக்கொரு ஏணியில் ஏறினார்கள். துணி பலகை போல நின்றது. அந்த இயக்குநரின் படத்தில் முகமெல்லாம் முகமாகவே இருந்தது. கைதட்டல் அடங்கும்வரை அவர் பேச முடியாமல் மேடையில் நின்றார்.

சாயங்காலம் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தார். அவிழ்த்துக் கொண்டுவந்த பனியன் துணி கூடத்தில் குவிந்து கிடந்தது. அதைத் தடவிப் பார்த்தவர், மாமனாரைப் பார்க்காமலே சொன்னார்: "பொறக்கற கொழந்தைக்கு இதுலயே தெச்சுப் போடுங்க சம்பந்தி. எங்க துணி வெறப்பா நிக்குமுங்க, ஒடம்புக்கு ஆவாதுங்க."

மாமனாருக்கு அன்றைக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் மகன் தவழ்ந்ததெல்லாம் அந்தத் திரையைப் போட்டுக்கொண்டுதான். இன்று அவன் படங்களைக் கைப்பேசியில் பார்க்கிறான். தாத்தாக்கள் இருவரும் எங்கே படவிழா என்றாலும் சேர்ந்தே போகிறார்கள். அப்பா பாதியில் தூங்கிவிடுவாராம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சின்னப் பனியனை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். இன்னும் நீள்கிறது.