நாஸ்தா சூடா கீது

என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து, நாங்கள் திருநெல்வேலியிலிருந்து வந்த புதிது. ஒரு ஞாயிறு காலை மாமல்லபுரம் போனோம். இட்லி போதும் என்றேன்.

“இவ்ளோ தூரம் வந்தும் இட்லிதானா?” என்று சலித்துக்கொண்டார். வழியெல்லாம் பீட்சா, பாஸ்தா போர்டுகள்.

ஒரு சின்ன ஓட்டல் வாசலில் நின்றவர் கூப்பிட்டார்: “வா அண்ணாத்த, நாஸ்தா சூடா கீது!”

“பாஸ்தாவுக்குத் தம்பியா இருக்கும்,” என்று கணவர் என் காதில் சொல்லிவிட்டு, கம்பீரமாக இரண்டு பிளேட் நாஸ்தா கேட்டார். இந்தப் பக்கத்தில் காலைப் பலகாரத்துக்கு அதுதான் பெயர் என்று பக்கத்து வீட்டம்மா எனக்கு எப்போதோ சொல்லியிருந்தார். நான் கை கழுவப் போய்விட்டேன்.

இட்லியும் வடகறியும் வந்தன. கணவர் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“நம்ம ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு உண்டுல்லா?”