பவளத் தீவில் போர் போட்ட மாமா

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ரிக் வண்டி வைத்திருக்கும் சிலருக்குப் பூமி என்றால் துளை போடுவதற்காகவே படைக்கப்பட்ட ஒன்று. என் அக்கா வீட்டுக்காரர் அந்தச் சாதி. ராஜஸ்தான் முதல் ஆப்பிரிக்கா வரை ஆழ்துளைக் கிணறு போட்டவர். தன்னைக் கேட்காமல் உலகத்தில் எங்கும் தண்ணீர் ஊறாது என்று மனதார நம்புகிறவர்.

நான் மாலத்தீவில் ஒரு சின்னத் தீவின் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்திக்கொண்டிருந்தபோது, அக்காவை அழைத்துக்கொண்டு ஊர் பார்க்க வந்தார். படகை விட்டு இறங்கியவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரே நடையில் போய்த் திரும்பினார்.

"ஒரு கரடு இல்ல, ஒரு ஆறு இல்ல, கையில எடுக்க ஒரு கல்லு இல்ல. இதையும் ஒரு நாடுன்னு பாடம் நடத்தறயா சாமி?"

கடலுக்குள் பவளப் பூச்சிகள் கட்டிய திட்டு இது, ஓர் ஆள் உயரத்துக்குமேல் தரையே கிடையாது, கடல்தான் இவர்களுக்குக் காடும் கழனியும் என்று சொன்னேன். அவர் கொட்டாவி விட்டார்.

"மீனையும் தேங்காயையும் வச்சுட்டு ஒரு நாடா?" என்றவர், மதியம் அந்த மீனையே தேங்காய்ப்பாலில் போட்ட குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓர் ஐம்பது வயது அம்மாள். தேநீர்க்கடை நடத்துபவர். குடிக்க மழைநீர்த் தொட்டி, குளிக்கவும் துவைக்கவும் முற்றத்தில் ஒரு கிணறு. எட்டிக் குனிந்தால் கைக்குத் தண்ணீர் படும். கோடையில் மட்டம் கொஞ்சம் இறங்கும் என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னதை நான் தமிழில் சொன்னதுதான் தாமதம், மாமாவுக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"இத்தனை மேலயே தண்ணி நிக்குதுன்னா, கீழ ஆறே ஓடும்."

"வேண்டாங்க மாமா. மண்ணுல இறங்கின மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குதுங்க, பாலு மேல ஆடை மாதிரி. ஆடையக் கிழிச்சா கீழ கடலுதான்."

"உன்ற புஸ்தகம் எத்தனை போரு போட்டிருக்குது?" என்று சிரித்தார். பிறகு உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்து முற்றத்தைச் சுற்றி வந்தார். ஊரில் நீரோட்டம் பார்க்கும் அதே வித்தை. சுற்றிலும் கடல் சூழ்ந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று தேங்காயைக் கேட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். தேங்காய் கிணற்றடியில் நிமிர்ந்து நின்றதாம்.

மறுநாள் நான் பள்ளிக்குப் போன பிறகு, தன் ரிக் வண்டிகள் தண்ணீரை வானத்துக்குப் பீய்ச்சும் வீடியோக்களை அந்த அம்மாளுக்குக் காட்டியிருக்கிறார். விருந்தாளி, பெரிய மனிதர், இலவசமாகச் செய்கிறார் என்று அவரும் சரி என்றிருக்கிறார். துறைமுகக் கடையில் இரும்புக் குழாய் வாங்கி, இரண்டு கூலியாட்களை வைத்துக் கிணற்றுக்குள் அடித்து இறக்கி, மோட்டாரும் மாட்டிவிட்டார்.

நான் திரும்பியபோது முற்றமெல்லாம் தண்ணீர். மாமா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பாத்தியா? மேட்டூரத் தொறந்து உட்டாப்ல!"

ஒரு வாய் எடுத்தேன். உப்பு.

"மொதல்ல அப்படித்தான் வரும். ஓட ஓடத் தெளிஞ்சிரும்," என்று இருட்டும்வரை மோட்டாரை நிறுத்தவேயில்லை. உறிஞ்ச உறிஞ்ச அடியிலிருந்த கடல் மேலே ஏறியது. காலையில் கிணறு முழுக்க உப்பு. அந்த அம்மாள் வாளியில் மொண்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். மண்ணில் கொட்டிவிட்டு உள்ளே போனார். அக்கா பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஷை தெரியாத மன்னிப்பு.

மாமா பெட்டியைக் கட்டும்போது சொன்ன தீர்ப்பு, "இந்த ஊரு பூமியே சரியில்ல."

அதன் பிறகு நாங்கள் மழைத்தொட்டித் தண்ணீரில் அளந்து அளந்து குளித்தோம். குழாயைப் பிடுங்கிப் போட்டு, அடுத்த மழைக்காலம் முழுக்கப் பெய்து ஓய்ந்த பிறகுதான் கிணற்றில் உப்பு குறைந்தது.

இப்போது நான் நாமக்கல்லில் வேலை பார்க்கிறேன். மாமாவின் சொந்தத் தோட்டத்தில் போட்ட போரெல்லாம் தண்ணீர் வராமல் புகையைக் கக்கிவிட்டன. வீட்டுக்கே லாரித் தண்ணீர்தான். அதற்காகவெல்லாம் வாய் குறையவில்லை. போன வைகாசியில் எடப்பாடியில் ஒரு காதுகுத்து. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து, "மாலத்தீவுல ஒண்ணுமில்லீங்க. நானே போய்ச் சோதிச்சுப் பாத்தேன்," என்று ஆரம்பித்தார்.

"இருந்த ஒரு கெணத்தையும் உப்பாக்கிட்டு வந்தீங்களே மாமா, அதையும் சொல்லுங்க," என்றேன் எதிர்ப்பந்தியிலிருந்து.

மாமா இலையை மடிக்காமலே எழுந்துபோனார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

அக்கா மட்டும் பாயச வாளியோடு என் இலைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தம்மா இப்ப நல்லா இருக்குதா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, கூடுதலாக ஒரு கரண்டி ஊற்றினாள்.